டனலுக்குள் எது போகணும், எது போகக் கூடாது: ஓபன்கனெக்ட் ஸ்கிரிப்டில் ரவுட்டிங்கும் டிஎன்எஸ்ஸும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் லேப்டாப்பில் ஓபன்கனெக்ட் என்ற நிரல் வழியாக அலுவலக விபிஎன்னில் (இணையத்தின் ஊடே அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் மறைகுறியாக்கிய டனலில்) இணைந்ததும், யூடியூப் உட்பட எல்லாமே அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. வேண்டியது 10.20.0.0/16 (10.20 என்று தொடங்கும் அலுவலக முகவரிகள்) மட்டும் டனல் வழியாகப் போவது, ‘கார்ப்.எக்ஸாம்பிள்.காம்’ என்று முடியும் பெயர்களை மட்டும் 10.20.0.53 என்ற அலுவலக டிஎன்எஸ் சர்வரிடம் (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) கேட்பது. இதற்காக, இணைந்த பிறகு டீஃபால்ட் ரவுட்டை (தனிப் பாதை இல்லாத எல்லாமே போகும் பாதை) அழித்துவிட்டு, டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியல் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலை ‘செட் -ஐ’ கொண்டு திருத்தும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். சில சமயம் வேலை செய்கிறது. சில சமயம் வைஃபையே செத்துப்போகிறது. லேப்டாப் தூங்கி எழுந்தால் டிஎன்எஸ் பழைய நிலைக்குப் போய்விடுகிறது.

கட்டளைகளை எல்லாம் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ‘ரவுட்’ என்று வரும் இடமெல்லாம் பாதை, ‘ரூட்’ என்று வரும் இடமெல்லாம் நிர்வாகிப் பயனர். ‘செட் -ஐ’ என்பது ஃபைலைத் திருத்தும் sed கட்டளை, மற்ற ‘செட்’ எல்லாம் set.

உங்கள் ஸ்கிரிப்டில் வரிகளைவிட அது ஓடும் நேரம்தான் தவறு. வேறொரு ஸ்கிரிப்ட் செய்து முடித்ததை நீங்கள் பின்னால் போய்க் கலைக்கிறீர்கள். அந்த ஸ்கிரிப்டுக்குப் போகும் தகவலை முன்னாலேயே மாற்றிவிட்டால் கலைக்க ஒன்றுமே இருக்காது.

ஓபன்கனெக்ட் தானாக எந்த ரவுட்டையும் போடுவதில்லை, டிஎன்எஸ்ஸைத் தொடுவதும் இல்லை. சர்வரோடு பேசி, டனல் இன்டர்ஃபேஸை (வைஃபை போலவே கணினிக்குத் தெரியும் மெய்நிகர் நெட்வொர்க் இணைப்பு) திறந்து, சர்வர் சொன்ன விவரங்களை என்விரான்மென்ட் வேரியபிள்களாக (ஒரு நிரல் தான் கூப்பிடும் நிரலுக்குக் கொடுத்தனுப்பும் பெயர்-மதிப்பு ஜோடிகள்) வைத்து ‘விபிஎன்சி-ஸ்கிரிப்ட்’ என்ற ஷெல் ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறது. முகவரி போடுவது, ரவுட் போடுவது, டிஎன்எஸ் மாற்றுவது எல்லாம் அதன் வேலை. டெபியன், உபுண்டுவில் அது /யூஎஸ்ஆர்/ஷேர்/விபிஎன்சி-ஸ்கிரிப்ட்ஸ்/ என்ற டைரக்டரியில் இருக்கும். ஃபெடோராவில் /ஈடிசி/விபிஎன்சி/ என்பதில். ஒருமுறை திறந்து படித்துவிடுங்கள்.

அந்த வேரியபிள்களில் ‘ரீசன்’ என்பது சின்ன எழுத்தில் வரும், மற்றவை எல்லாம் பெரிய எழுத்தில். ரீசனின் மதிப்பு ப்ரீ-இனிட், கனெக்ட், டிஸ்கனெக்ட், அட்டெம்ப்ட்-ரீகனெக்ட், ரீகனெக்ட் என்ற ஐந்தில் ஒன்று. டன்டெவ் என்பது இன்டர்ஃபேஸின் பெயர் (இங்கே டன்0). விபிஎன்கேட்வே என்பது சர்வரின் வெளி ஐபி. இன்டர்னல்_ஐபி4_டிஎன்எஸ் என்பதில் டிஎன்எஸ் சர்வர்கள் இடைவெளி விட்டு வரிசையாக இருக்கும். நமக்கு முக்கியமானது சிஸ்கோ_ஸ்ப்ளிட்_இன்க்: டனலுக்குள் போகவேண்டிய நெட்வொர்க்குகளின் எண்ணிக்கை. இது காலியாக இருந்தால் விபிஎன்சி-ஸ்கிரிப்ட் டீஃபால்ட் ரவுட்டையே டனலுக்குத் திருப்பிவிடும். உங்கள் சர்வர் இதை அனுப்புவதில்லை. பிரச்சினையின் வேர் அவ்வளவுதான்.

இனி, பின்னால் போய் அழிப்பது ஏன் பாதி நேரம் மட்டும் வேலை செய்கிறது என்று பார்ப்போம். விபிஎன்சி-ஸ்கிரிப்ட் ‘ஐபி ரவுட் ரீப்ளேஸ் டீஃபால்ட் டெவ் டன்0’ என்று போடுகிறது. மெட்ரிக் (ஒரே இடத்துக்கான ரவுட்டுகளில் எது முந்தும் என்று சொல்லும் எண்) சொல்லவில்லை, ஆகவே மெட்ரிக் 0. வைஃபையைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் போட்டிருக்கும் வைஃபை டீஃபால்ட் பெரும்பாலும் மெட்ரிக் 600. மெட்ரிக் வேறு என்பதால் ரீப்ளேஸ் என்று சொன்னாலும் எதுவும் மாற்றப்படுவதில்லை. இரண்டாவதாக ஒரு டீஃபால்ட் சேர்கிறது, சின்ன மெட்ரிக் ஜெயிக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் ‘ஐபி ரவுட் டெல் டீஃபால்ட்’ என்று மட்டும் சொல்கிறது. முதல் முறை டனலின் டீஃபால்ட் போகும், எல்லாம் சரியாகத் தெரியும். அதே ஸ்கிரிப்ட் இன்னொரு முறை ஓடினால், டனலின் டீஃபால்ட் ஏற்கெனவே இல்லாததால் வைஃபையுடையதே போய்விடும். வைஃபை ‘சாகிற’ கதை இதுதான். எந்த ரவுட்டை அழித்தாலும் ‘டெவ்’ சேர்த்து எழுதுங்கள் என்பது பொதுவான பாடம். இங்கே அழிக்கவே தேவையில்லை.

ரிசால்வ்.கான்ஃப் கதை இன்னும் மோசம். உபுண்டுவிலும், 2020-இல் வந்த ஃபெடோரா 33 முதலும், பெயர் தேடும் வேலை சிஸ்டம்டி-ரிசால்வ்ட் (சுருக்கமாக ரிசால்வ்ட்) என்ற பின்னணி நிரலிடம் இருக்கிறது. /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப் என்பது நிஜ ஃபைல் அல்ல. /ரன்/ டைரக்டரிக்குள் இருக்கும் ஒரு ஃபைலுக்கான சிம்லிங்க், அதாவது சுட்டி. அதில் இருக்கும் ஒரே சர்வர் 127.0.0.53. ‘எக்கோ’ கொண்டு அதில் எழுதினால் எழுத்து சிம்லிங்க் வழியாகப் போய் ரிசால்வ்டின் சொந்த ஃபைலில் விழும். அடுத்த முறை வைஃபை மறுபடி இணையும்போது ரிசால்வ்ட் அதை அழித்துத் தன்னுடையதை எழுதிக்கொள்ளும். ‘செட் -ஐ’ கொண்டு திருத்தினால் சிம்லிங்க்கே காணாமல் போய், அந்த இடத்தில் சாதாரண ஃபைல் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு ரிசால்வ்ட் சொல்வதை யாரும் கேட்பதில்லை. விபிஎன்னைத் துண்டித்த பிறகும் பெயர்கள் கிடைக்காமல் தடுமாறுவது இதனால்தான். ‘எல்எஸ் -எல்’ போட்டுப் பாருங்கள். அம்புக்குறி தெரியவில்லை என்றால் முதலில் சிம்லிங்கை மீட்டுவிட்டு மேலே படியுங்கள். அது /ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ்/ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃப் என்ற ஃபைலைச் சுட்டவேண்டும்.

சரியான வழி, விபிஎன்சி-ஸ்கிரிப்டுக்கு மேலே ஒரு சின்ன உறை ஸ்கிரிப்ட். ஓபன்கனெக்டுக்கு ‘--ஸ்கிரிப்ட்’ என்ற ஆப்ஷனில் அதன் பாதையைக் கொடுத்தால், விபிஎன்சி-ஸ்கிரிப்டுக்குப் பதில் உங்களுடையதைக் கூப்பிடும். நீங்கள் வேரியபிள்களை மாற்றிவிட்டு அசல் ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறீர்கள். முதலில் இவை:

சிஸ்கோ_ஸ்ப்ளிட்_இன்க்=1
சிஸ்கோ_ஸ்ப்ளிட்_இன்க்_0_அட்ர்=10.20.0.0
சிஸ்கோ_ஸ்ப்ளிட்_இன்க்_0_மாஸ்க்=255.255.0.0
சிஸ்கோ_ஸ்ப்ளிட்_இன்க்_0_மாஸ்க்லென்=16

நான்கையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த ஸ்கிரிப்டுக்குப் போய்ச்சேராது. மாஸ்க், மாஸ்க்லென் இரண்டும் வேண்டும்: லினக்ஸில் ‘ஐபி’ கட்டளை இருந்தால் மாஸ்க்லென் பயன்படும், பழைய ‘ரவுட்’ கட்டளை மட்டும் இருந்தால் மாஸ்க். இன்னொரு நெட்வொர்க் வேண்டுமானால் எண்ணிக்கையை 2 ஆக்கி, _1_ என்ற எண்ணோடு அதே மூன்றையும் எழுதுங்கள். எண் 0-இல் தொடங்குகிறது, எண்ணிக்கை 1-இல் தொடங்குகிறது. இதில் குழம்புபவர்கள் நிறைய.

அடுத்து ‘அன்செட் இன்டர்னல்_ஐபி4_டிஎன்எஸ்’. அதற்கு முன் அதன் மதிப்பை உங்கள் சொந்த வேரியபிள் ஒன்றில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது காலியாக இருந்தால் விபிஎன்சி-ஸ்கிரிப்ட் டிஎன்எஸ் பக்கமே போகாது, இணைக்கும்போதும் சரி, துண்டிக்கும்போதும் சரி. டிஎன்எஸ்ஸை அதனிடம் விடாததற்குக் காரணம் இருக்கிறது. ரிசால்வ்.கான்ஃபை நேரடியாக எழுதுவதா, ரிசால்வ்கான்ஃப் கட்டளையைக் கூப்பிடுவதா, ரிசால்வ்டிடம் பேசுவதா என்று அது தேர்ந்தெடுக்கும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறும். நம் தேவை குறுகியது, நாமே செய்துகொள்வது நிச்சயமானது.

இங்கே ஒரு பொறி. டிஎன்எஸ் சர்வர் ஒவ்வொன்றுக்கும் டனல் வழியாக ஒரு /32 (ஒரே ஒரு முகவரிக்கான) ரவுட் போடுவதும் விபிஎன்சி-ஸ்கிரிப்ட்தான். அதையும் இன்டர்னல்_ஐபி4_டிஎன்எஸ்ஸிலிருந்தே எடுக்கிறது. அன்செட் செய்தால் அந்த ரவுட்டும் போய்விடும். உங்கள் 10.20.0.53 ஏற்கெனவே 10.20.0.0/16-க்குள் இருப்பதால் கவலையில்லை. டிஎன்எஸ் சர்வர் 10.53.1.1 என்று வெளியே இருந்தால், அதையும் இரண்டாவது நெட்வொர்க்காக, மாஸ்க் 255.255.255.255, மாஸ்க்லென் 32 என்று பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தனியாக ‘ஐபி ரவுட் ஆட்’ போடவேண்டாம். பட்டியலில் இருந்தால் துண்டிக்கும்போது தானாக நீங்கும்.

இரண்டாவது பொறி ஐபிவி6. சர்வர் ஐபிவி6 முகவரியும் கொடுத்து, ஐபிவி6-க்கான ஸ்ப்ளிட் பட்டியல் கொடுக்காவிட்டால், ஐபிவி6 டீஃபால்ட் டனலுக்குப் போய்விடும். ஐபிவி4-இல் எல்லாம் அழகாகப் பிரித்துவிட்டு, கூகுள் மட்டும் ஏன் இன்னும் அலுவலகம் வழியாகப் போகிறது என்று தலையைச் சொறிபவர்கள் பார்க்கவேண்டிய இடம் இது. உள் நெட்வொர்க்கில் ஐபிவி6 தேவையில்லை என்றால் ஓபன்கனெக்டிலேயே ‘--டிஸேபிள்-ஐபிவி6’ கொடுத்துவிடுவது சுத்தம்.

இந்த மாற்றங்களை ரீசன் என்னவாக இருந்தாலும் செய்யுங்கள், ‘கனெக்ட்’ என்றால் மட்டும் என்று நிபந்தனை போடவேண்டாம். துண்டிக்கும்போது விபிஎன்சி-ஸ்கிரிப்ட் வேரியபிள்களைப் பார்த்துத்தான் எதை அழிப்பது என்று முடிவு செய்கிறது. இணைக்கும்போது ஒன்று, துண்டிக்கும்போது வேறொன்று சொன்னால், போடாத டீஃபால்ட்டை மீட்கப் பார்க்கும்.

பிறகு விபிஎன்சி-ஸ்கிரிப்டை அதன் முழுப் பாதையோடு சாதாரணமாகக் கூப்பிடுங்கள். புள்ளி வைத்து சோர்ஸ் செய்யவேண்டாம் (அப்படிச் செய்தால் அது உங்கள் ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஓடும்): அந்த ஸ்கிரிப்ட் ‘எக்ஸிட் 0’ என்று முடிகிறது, உங்கள் ஸ்கிரிப்டும் அதோடு முடிந்துவிடும், கீழே எழுதிய டிஎன்எஸ் வரிகள் ஓடவே ஓடாது. ‘எக்ஸெக்’ போட்டாலும் அதே கதி. /ஈடிசி/விபிஎன்சி/ என்பதன் கீழே கனெக்ட்.டி, போஸ்ட்-கனெக்ட்.டி என்று ஹூக் (இடையில் ஓடவேண்டிய சொந்த ஸ்கிரிப்ட்) டைரக்டரிகள் வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அந்த ஹூக்குகள் சோர்ஸ் செய்யப்படுவதால், கனெக்ட்.டி-யில் வேரியபிளை மாற்றினால் அசல் ஸ்கிரிப்டுக்கும் அது தெரியும். ஆனால் அது அந்தக் கணினியில் இருக்கும் எல்லா விபிஎன்னுக்கும் பொருந்திவிடும், டிஸ்கனெக்ட்.டி-யில் அதையே மறுபடி எழுதவும் வேண்டும், ஹூக்கில் தவறி ஒரு ‘எக்ஸிட்’ இருந்தால் மொத்தமும் நின்றுவிடும். ஒரு விபிஎன்னுக்கு ஒரு உறை என்பதே என் தேர்வு.

இனி டிஎன்எஸ். முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கிவிடவேண்டும். ரிசால்வ்.கான்ஃபில் அலுவலக சர்வரை முதலிலும் 8.8.8.8-ஐ இரண்டாவதாகவும் எழுதினால், முதலாவதில் கிடைக்காத பெயர் இரண்டாவதில் தேடப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தப் பட்டியலில் உள்ள சர்வர்கள் எல்லாம் ஒரே பதிலைத் தருபவை என்பதுதான் லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியின் எண்ணம். முதல் சர்வர் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று சொன்னால் அதுவே முடிந்த முடிவு. பதிலே வராமல் 5 வினாடி காத்திருந்த பிறகுதான் அடுத்த சர்வர். மூன்றுக்கு மேல் எழுதினால் மிச்சம் கண்டுகொள்ளப்படாது. ஆக, பெயரைப் பார்த்து சர்வரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அந்த ஃபைலால் செய்யவே முடியாது. அதற்கு நடுவில் ஒருவர் வேண்டும்: ரிசால்வ்ட் அல்லது டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன டிஎன்எஸ் சர்வர்.

ரிசால்வ்ட் இருக்கும் கணினியில், விபிஎன்சி-ஸ்கிரிப்ட் ஓடி முடிந்து, ரீசன் ‘கனெக்ட்’ ஆக இருந்தால் இந்த மூன்று வரி:

ரிசால்வ்சிடிஎல் டிஎன்எஸ் டன்0 10.20.0.53
ரிசால்வ்சிடிஎல் டொமைன் டன்0 '~கார்ப்.எக்ஸாம்பிள்.காம்' '~20.10.இன்-அட்ர்.ஆர்பா'
ரிசால்வ்சிடிஎல் டீஃபால்ட்-ரவுட் டன்0 நோ

டன்0 என்ற இடத்தில் டன்டெவ் வேரியபிளை, இரட்டை மேற்கோளுக்குள், எழுதுங்கள். டொமைனுக்கு முன்னால் இருக்கும் அலைக்குறிதான் உயிர்நாடி. அலைக்குறியோடு எழுதினால், அந்த டொமைனில் முடியும் பெயர்களை இந்த இன்டர்ஃபேஸின் சர்வரிடம் கேள் என்று மட்டும் பொருள். அலைக்குறி இல்லாமல் எழுதினால் அது தேடல் டொமைனும் ஆகிவிடும்: ‘விக்கி’ என்று மட்டும் தட்டினால் பின்னால் டொமைனை ஒட்டிப் பார்க்கும். அது வேண்டுமென்றால் எழுதுங்கள். அலைக்குறியைத் தொடர்ந்து வெறும் புள்ளி வைத்தால் எல்லாப் பெயர்களும் அலுவலகத்துக்குப் போகும். இங்கே நேர் எதிரான தேவை. ஒற்றை மேற்கோளும் அவசியம், ஷெல் அலைக்குறியை ஹோம் டைரக்டரி என்று எடுத்துக்கொள்ள இடம் தரக்கூடாது.

இரண்டாவது டொமைன் பலரும் விடுவது. 10.20.0.0/16-இல் உள்ள ஐபிகளிலிருந்து பெயரைத் தலைகீழாகத் தேடும்போது அந்தக் கேள்வி 20.10.இன்-அட்ர்.ஆர்பா என்ற மண்டலத்துக்குப் போகிறது. அதைச் சேர்க்காவிட்டால் அலுவலக ஐபிகளைப் பற்றிய கேள்வி வீட்டு ரவுட்டரிடம் போகும். எதுவும் உடையாது, ஆனால் தலைகீழ்ப் பெயரை நம்பியிருக்கும் கெர்பராஸ் (நெட்வொர்க் உள்நுழைவு) அமைப்புகள் தடுமாறும். டொமைன் கட்டளை ஒவ்வொரு முறையும் பழைய பட்டியலை மாற்றிவிட்டுப் புதியதை வைக்கும், சேர்க்காது. அதனால்தான் எல்லா டொமைனையும் ஒரே வரியில் எழுதினேன்.

மூன்றாவது வரி இல்லாவிட்டாலும், அலைக்குறி டொமைன் இருக்கும் இன்டர்ஃபேஸைப் பொதுக் கேள்விகளுக்கு ரிசால்வ்ட் பயன்படுத்தாது. ஆனாலும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நாளைக்கு யாராவது அலைக்குறியை எடுத்துவிட்டால் அலுவலக சர்வருக்கு வெளிக் கேள்விகளும் கசியத் தொடங்கும்.

துண்டிக்கும்போது டிஎன்எஸ்ஸுக்கு எதுவும் செய்யவேண்டாம். இந்த அமைப்புகள் இன்டர்ஃபேஸோடு ஒட்டியவை. டன்0 மறைந்ததும் ரிசால்வ்ட் மறந்துவிடும். ‘ஐபி டன்டாப்’ கொண்டு நிரந்தர இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் டிஸ்கனெக்டில் ‘ரிசால்வ்சிடிஎல் ரிவர்ட் டன்0’ சேர்க்கவேண்டும். ‘லிங்க் இஸ் மேனேஜ்ட்’ என்ற பிழை வந்தால், சிஸ்டம்டி-நெட்வொர்க்டியின் ஏதோ ஒரு .நெட்வொர்க் ஃபைல் எல்லா இன்டர்ஃபேஸையும் பிடிக்கும்படி நட்சத்திரக் குறியோடு எழுதப்பட்டிருக்கிறது, அதைக் குறுக்குங்கள்.

ரிசால்வ்ட் இல்லாத கணினியில் டிஎன்எஸ்மாஸ்க்கை 127.0.0.1-இல் ஓடவிட்டு, ‘சர்வர்=/கார்ப்.எக்ஸாம்பிள்.காம்/10.20.0.53’ என்ற ஒரே வரி போதும். ‘ஸ்டாப்-டிஎன்எஸ்-ரீபைண்ட்’ இயக்கத்தில் இருந்தால், உள் ஐபியோடு வரும் பதில்களை அது தாக்குதல் என்று நினைத்துத் தூக்கி எறியும். ‘ரீபைண்ட்-டொமைன்-ஓகே’ வரியில் உங்கள் டொமைனைச் சேர்க்கவேண்டும். மேக்கில் இதெல்லாம் வேண்டாம்: /ஈடிசி/ரிசால்வர்/ டைரக்டரியில் டொமைனின் பெயரிலேயே ஒரு ஃபைல், அதற்குள் ‘நேம்சர்வர் 10.20.0.53’ என்ற வரி.

‘.லோக்கல்’ என்று முடியும் உள் டொமைன் வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே இது எல்லாம் சரியாக இருந்தும் பெயர் கிடைக்காது. .லோக்கல் என்பது எம்டிஎன்எஸ்ஸுக்கு (சர்வர் இல்லாமல் பக்கத்து நெட்வொர்க்குக்குள்ளேயே பெயர் தேடும் முறை) ஒதுக்கப்பட்டது, பெயரை எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃபின் ‘ஹோஸ்ட்ஸ்’ வரியில் ‘எம்டிஎன்எஸ்4_மினிமல்’ என்பதற்கு அடுத்து ‘நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன்’ என்று இருந்தால் கேள்வி டிஎன்எஸ் வரைக்கும் போகாமலேயே திரும்பிவிடும். அந்தப் பகுதியை எடுங்கள், அல்லது வரிசையை மாற்றுங்கள்.

சோதனை. பிரவுசரைத் திறந்து பார்ப்பதைச் சோதனை என்று எண்ணவேண்டாம். ‘ஐபி ரவுட் கெட் 10.20.5.9’ என்று கேளுங்கள்: ‘டெவ் டன்0’ என்று வரவேண்டும். ‘ஐபி ரவுட் கெட் 1.1.1.1’: வைஃபை இன்டர்ஃபேஸ் வரவேண்டும். ரவுட் பட்டியலைக் கண்ணால் படித்து ஊகிப்பதைவிட, கர்னலையே கேட்பது நம்பகமானது. ‘ஐபி ரூல்’ விதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் அது பதில் சொல்கிறது. டிஎன்எஸ்ஸுக்கு ‘ரிசால்வ்சிடிஎல் க்வெரி’. எந்த இன்டர்ஃபேஸ் வழியாகப் பதில் வந்தது என்பதையும் காட்டும். முதலில் ‘ஃப்ளஷ்-காஷஸ்’ செய்துவிடுங்கள். கடைசியாக ‘கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்’. எஸ்எஸ்எச், கர்ல் போன்றவை பெயரைத் தேடும் அதே பாதையில் இது போகும். டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் ‘டிக்’ கட்டளை அந்தப் பாதையில் போவதில்லை, ரிசால்வ்.கான்ஃபில் உள்ள சர்வரை நேராகக் கேட்கிறது. ஆகவே டிக்கில் கிடைத்தும் எஸ்எஸ்எச்சில் கிடைக்காவிட்டால் என்எஸ்ஸ்விட்ச்சைப் பாருங்கள். இவை மூன்றும் சரி, பிரவுசரில் மட்டும் கிடைக்கவில்லை என்றால் பிரவுசருக்குள் இருக்கும் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் (பிரவுசர் தானே ஒரு வெளி டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது) அமைப்பை அணையுங்கள்.

ரவுட் சரி, டிஎன்எஸ் சரி, ஆனாலும் சில முகவரிகள் மட்டும் கிடைக்காது என்ற நிலை இருக்கிறதே, அதற்குப் பெரும்பாலும் முகவரி மோதல்தான் காரணம். கர்னல் ரவுட்டைத் தேர்ந்தெடுப்பது மிக நீண்ட ப்ரிஃபிக்ஸை, அதாவது சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் உள்ளதைப் பார்த்து. மெட்ரிக் என்பது ஒரே ப்ரிஃபிக்ஸுக்கு இரண்டு ரவுட் இருக்கும்போது மட்டும். அலுவலகம் 192.168.0.0/16 பயன்படுத்தி, வீட்டு ரவுட்டர் 192.168.1.0/24 கொடுத்தால், 192.168.1.x வரும் அலுவலக சர்வர்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே தேடப்படும். மெட்ரிக்கை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. தேவைப்படும் சர்வர்களுக்கு /32 போடுங்கள், அல்லது வீட்டு ரவுட்டரின் வரம்பை மாற்றுங்கள். இதைவிட ஒளிந்திருப்பது கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர்: 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொண்டு, புதிய நெட்வொர்க் உருவாக்க உருவாக்க 172.18, 172.19 என்று தின்றுகொண்டே போகும். அலுவலகம் 172.16.0.0/12-இல் இருந்தால் ஒருநாள் திடீரென்று ஜிட் சர்வர் மட்டும் காணாமல் போகும். டாக்கரின் டீமன்.ஜேசன் ஃபைலில் ‘டீஃபால்ட்-அட்ரஸ்-பூல்ஸ்’ கொண்டு வேறு வரம்பு கொடுங்கள்.

விபிஎன் சர்வரின் ஐபியே நீங்கள் டனலுக்குள் அனுப்பும் வரம்புக்குள் இருந்தால், மறைகுறியாக்கிய பாக்கெட்டும் டனலுக்குள் நுழையப் பார்த்து சுழலில் மாட்டும். இணைப்பு வந்த கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். விபிஎன்சி-ஸ்கிரிப்ட் விபிஎன்கேட்வேக்குப் பழைய கேட்வே வழியாக /32 போட்டு இதைத் தடுக்கிறது. சொந்தமாக எல்லாவற்றையும் எழுதப் போகிறவர்கள் முதலில் மறப்பதும் இதைத்தான்.

எஸ்எஸ்எச் இணைகிறது, சின்னக் கட்டளைகள் ஓடுகின்றன, பெரிய டைரக்டரியில் ‘எல்எஸ்’ போட்டால் உறைந்துவிடுகிறது என்றால் அது எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு). டனலின் எம்டியு 1400 என்றால் ‘பிங் -எம் டூ -எஸ் 1372’ (ping -M do -s 1372) போகவேண்டும்; ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 பைட் சேர்ந்து 1400. போகவில்லை என்றால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, போகும் அளவோடு 28-ஐக் கூட்டி, ‘ஐபி லிங்க் செட்’ கொண்டு டனலுக்கு அதை வையுங்கள்.

ஷெல் பக்கம் சில விஷயங்கள். முதல் வரி /பின்/எஸ்எச் ஆகவே இருக்கட்டும். டெபியன், உபுண்டுவில் அது டாஷ் என்ற எளிய ஷெல். பாஷின் இரட்டைச் சதுர அடைப்பும் அர்ரேயும் அங்கே ஓடாது, இந்த வேலைக்கு அவை வேண்டியதும் இல்லை. வேரியபிள்களின் மதிப்பு வெளி சர்வரிலிருந்து வருகிறது, ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடுகிறது: எல்லாவற்றையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள், ‘எவால்’ பக்கம் போகாதீர்கள். 2014 செப்டம்பரில் பாஷில் இருந்த ஷெல்ஷாக் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தபோது, என்விரான்மென்ட் வேரியபிள் வழியாக பாஷ் ஸ்கிரிப்டைக் கூப்பிடும் ஓபன்விபிஎன் சர்வர்களும் அதற்கு இலக்காயின. ஸ்கிரிப்டின் உரிமையாளர் ரூட், அனுமதி 755. உங்கள் ஹோம் டைரக்டரியில் வைக்கவேண்டாம்.

பாத் வேரியபிளை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே முழுதாக எழுதுங்கள், /எஸ்பின், /யூஎஸ்ஆர்/எஸ்பின் உட்பட. டெர்மினலில் ஓடி சிஸ்டம்டி சர்வீஸாக ஓடாத ஸ்கிரிப்டுகளில் பாதிக்கு இதுதான் காரணம். ‘செட் -ஈ’ இங்கே நண்பன் அல்ல. ஏற்கெனவே இருக்கும் ரவுட்டை ‘ஆட்’ செய்தால் ‘ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று பிழை வரும், ஸ்கிரிப்ட் நடுவழியில் நின்றுவிடும், பாதி அமைத்த நெட்வொர்க் மிஞ்சும். சொந்தமாக ரவுட் போடவேண்டி வந்தால் ‘ரீப்ளேஸ்’ பயன்படுத்துங்கள், எத்தனை முறை ஓடினாலும் முடிவு ஒன்றே. ‘செட் -யூ’ போட்டால் துண்டிக்கும் நேரத்தில் ஏதாவது ஒரு வேரியபிள் இல்லாமல் போய் அங்கேயும் நிற்கும். தொடக்கத்தில் ஒரு ‘லாகர் -டி’ வரி வைத்து ரீசனையும் டன்டெவ்வையும் பதிவு செய்யுங்கள். எப்போது எதற்காகக் கூப்பிடப்பட்டது என்று ஜர்னலில் பார்க்கலாம்.

ஓபன்கனெக்டை நிறுத்த ‘கில் -இன்ட்’. ‘கில் -9’ போட்டால் டிஸ்கனெக்ட் ஸ்கிரிப்ட் ஓடாது. இந்த உறை முறையில் அப்போதும் பெரிய சேதம் இல்லை: டன்0 மறையும்போது அதன் ரவுட்டுகளும் டிஎன்எஸ் அமைப்பும் கூடவே போகும், விபிஎன்கேட்வேக்கான ஒற்றை /32 மட்டும் மிஞ்சும். வைஃபை மாறியபின் உடனே மறுபடி இணையவேண்டுமென்றால் ‘கில் -யூஎஸ்ஆர்2’.

நெட்வொர்க்மேனேஜரின் ஐகானைச் சொடுக்கி இணைப்பவர்களுக்கு இந்த ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. அது தன் சொந்த உதவி நிரலைத்தான் கூப்பிடும். அங்கே ‘என்எம்சிஎல்ஐ’ கொண்டு ஐபிவி4.நெவர்-டீஃபால்ட் ‘யெஸ்’, ஐபிவி4.ரவுட்ஸில் 10.20.0.0/16, ஐபிவி4.டிஎன்எஸ்-சர்ச்சில் அலைக்குறியோடு டொமைன் என்று மூன்றையும் வைத்தால் ஸ்கிரிப்டே வேண்டாம்.

ஓபன்விபிஎன்னில் இதே தத்துவம் ‘புல்-ஃபில்டர் இக்னோர் "ரீடைரக்ட்-கேட்வே"’ என்ற வரியில் இருக்கிறது, 2.4 பதிப்பு முதல். அங்கே கவனிக்கவேண்டியது, ‘யூசர் நோபடி’ போட்டிருந்தால் டவுன் ஸ்கிரிப்டுக்கு ரூட் அனுமதி இருக்காது, எதையும் மீட்காது. வயர்கார்ட் என்ற இன்னொரு விபிஎன்னில் ‘அலவ்ட்ஐபிஸ்’ வரியே ரவுட் பட்டியல், அதுவே வடிகட்டியும். அதில் இல்லாத முகவரிக்குக் கையால் ரவுட் போட்டால் ‘ரிக்வயர்ட் கீ நாட் அவெய்லபிள்’ என்று வரும். ‘டிஎன்எஸ்’ வரியில் வெறும் சர்வர் முகவரியை எழுதினால் எல்லாப் பெயர்களும் அந்த ஒரே சர்வருக்குப் போய்விடும். அந்த வரியை எடுத்துவிட்டு மேலே சொன்ன மூன்று ரிசால்வ்சிடிஎல் வரிகளையும் ‘போஸ்ட்அப்’பில் எழுதுங்கள், டன்0 இருக்கும் இடத்தில் %ஐ.

செய்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முழு டனல் என்பது உங்கள் அலுவலகத்தின் கவனக்குறைவா, கொள்கையா என்று. வங்கி, மருத்துவம் போன்ற துறைகளில் அது தெரிந்தே வைப்பது. அங்கே நெட்வொர்க் குழுவிடம் பேசி சர்வர் பக்கமே ஸ்ப்ளிட் பட்டியலை அனுப்பச் சொல்லலாம். அப்படி அனுப்பினால் சிஸ்கோ_ஸ்ப்ளிட்_இன்க் தானாகவே நிரம்பி வரும். ரவுட்டுக்கான நான்கு வரிகளையும் உங்கள் உறையிலிருந்து எடுத்துவிட்டு டிஎன்எஸ் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.